நூறு பேரும் உறுதியாக நின்றனர்

அந்த வரி எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வேற சோலி ஒண்ணும் இல்ல இப்ப. பன்னிரண்டு அம்பதுக்கு பெல் அடிக்கிற வரைக்கும் இந்த ஹால்ல முன்னயும் பின்னயும் நடக்கணும், ஒருத்தி பேப்பரை இன்னொருத்தி எட்டிப் பாக்காம பாத்துக்கிடணும், நான் மட்டும் எல்லார் பேப்பரையும் எட்டிப் பாக்கலாம், அது வாத்தியார் வேலையில உள்ள ஒரே சுகம். நாற்பத்தொரு பிள்ளைங்க. மூணாம் வருஷம் பி.ஏ. வரலாறு, தமிழ் மீடியம், இன்டர்னல் டெஸ்ட். பாடம் அமெரிக்க வரலாறு. கோவில்பட்டியில உக்காந்துக்கிட்டு அமெரிக்க வரலாறு எதுக்குன்னு இவங்க வீட்ல கேப்பாங்க, எங்க வீட்லயும் கேட்டாங்க, சிலபஸ்ல இருக்கு, நடத்துறோம், எழுதுறாங்க, முடிஞ்சுது. கேள்வி நான் எடுத்ததுதான். செனகா ஃபால்ஸ் மாநாடு பற்றி விவரி, பத்து மார்க். முதல் பெஞ்சுக்காரி ஏற்கெனவே முடிச்சிட்டு ஸ்கேல் வச்சு கறுப்பு மையில அடிக்கோடு போட்டுக்கிட்டு இருக்கா. குனிஞ்சு பாத்தேன். ஆயிரத்து எண்ணூத்தி நாற்பத்தெட்டு ஜூலை, நியூயார்க் மாநிலத்துல ஒரு சின்ன ஊர், ஒரு தேவாலயம், முந்நூறு பேர் கூடுனாங்க, பெண்களுக்கும் ஓட்டு வேணும்னு கேட்டாங்க, அறுபத்தெட்டுப் பெண்களும் முப்பத்திரண்டு ஆண்களும் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டாங்க. எல்லாம் சரி. கடைசியில அந்த வரி: 'ஊரே கேலி பேசியபோதும் நூறு பேரும் உறுதியாக நின்றனர்.' அதுக்கு மட்டும் ரெண்டு அடிக்கோடு. அடுத்த பெஞ்சுலயும் அதே வரி. அதுக்கடுத்ததுலயும். ஒம்போது வருஷமா நான் சொல்லி எழுத வச்ச நோட்ஸ்ல உள்ள வரி, அக்காமாருங்க நோட்டை தங்கச்சிமாருங்க வாங்கி, அதை அடுத்த செட்டு ஜெராக்ஸ் எடுத்து, இப்ப நான் சொல்லாமலே எழுதுறாங்க. அந்த வரி எழுதுன பிள்ளைக்கு நான் அரை மார்க் கூடப் போட்டிருக்கேன். முத்தாய்ப்பா முடிச்சிருக்கான்னு. அது பச்சைப் பொய்.

பொய்யின்னு எனக்கே போன வெள்ளிக்கிழமைதான் தெரியும். தெரியவச்சது கடைசி பெஞ்சு சுடலைக்கனி. அவ எப்பவும் கேள்வி கேக்கிற ஜாதி இல்ல, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் உள்ள பீரியடுன்னா கண்ணு ரெண்டும் திறந்திருக்கும், ஆளு உறங்கிரும். வியாழக்கிழமை நான் அந்தக் கையுறை தைக்கிற பிள்ளையைப் பத்திச் சொன்னேன். மாநாட்டுக்கு வந்தவங்கள்ல பெரிய வீட்டுப் பொம்பளைங்கதான் அதிகம், ஆனா சார்லட் வுட்வர்டுன்னு பத்தொம்பது வயசுப் பிள்ளை ஒண்ணு வந்துச்சு, வீட்ல இருந்தே கையுறை தைச்சுக் குடுக்கிறவ, கையெழுத்துப் போட்டவங்கள்ல எழுபத்திரண்டு வருஷம் கழிச்சு ஓட்டுரிமைச் சட்டம் வந்தப்ப உயிரோட இருந்தது அவ ஒருத்திதான்னு. வகுப்பே உச்சு கொட்டுச்சு. சுடலைக்கனி எந்திரிச்சு நின்னா. "அவ வீட்ல என்ன மிஸ் சொல்லிட்டு வந்தா?" அப்படின்னா. எனக்கு விளங்கல. "இல்ல மிஸ், எங்க அம்மா தீப்பெட்டி ஒட்டுறாங்க. அரை நாள் எங்கயாச்சும் போணும்னா கட்டு யாரு ஒட்டுவான்னு அப்பா கேப்பாரு. இவ ரெண்டு நாள் மாநாட்டுக்குப் போயிருக்கா. வீட்ல என்னத்தைச் சொல்லிட்டு வந்தா?" எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டு பாத்துச் சொல்றேன்னேன். பாத்துச் சொல்றேன்னா பாக்க மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா என்னமோ அன்னைக்கு அந்தக் கேள்வி பஸ்ஸுலயும் கூடவே வந்துச்சு. ஆமா, என்ன சொல்லியிருப்பா? சித்தி வீட்டுக்குன்னா? கோயிலுக்குன்னா? வண்டி கட்டிக்கிட்டுக் கூட்டாளிகளோட வந்தாளாம், அப்ப அந்தக் கூட்டாளிங்க வீட்ல எல்லாம் ஒரே பொய்யைச் சொல்லணுமே, நம்ம காலேஜ் பிள்ளைங்க சினிமாவுக்குப் போறப்ப பேசி வச்சுக்கிற மாதிரி. மறுநாள் லைப்ரரியில தடியா ஒரு இங்கிலீஷ் புத்தகம், யாரும் தொடாம பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுல தேடுனேன். அவ வீட்ல என்ன சொன்னான்னு இல்ல. வேற ஒண்ணு இருந்துச்சு. பத்திரிகைக்காரங்க கேலி பண்ணி எழுதுனதும், கையெழுத்துப் போட்டவங்கள்ல சில பேர் தங்களோட பேரைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஒரே ஒரு வாக்கியம். அதுக்கப்புறம் புத்தகம் வேற விஷயத்துக்குப் போயிருச்சு. நான் போகல.

திரும்ப வாங்கிக்கிட்டாங்கன்னா எப்படி? அது எனக்குத் தெரியணுமே. கடுதாசி எழுதிக் குடுத்தாங்களா? நேர்ல போயி, அக்கா என் பேரைக் கொஞ்சம் எடுத்திருங்கன்னு சொன்னாங்களா? மையில எழுதுன பேரை எப்படி எடுக்கிறது, பிளேடு வச்சுச் சுரண்டுவாங்களா, மேல கோடு போடுவாங்களா? யாரு முதல்ல போனது? முதல்ல போறவளுக்குத்தான் கால் கூசும், அதுக்கப்புறம் போறவங்களுக்குக் கூட்டம் துணை. ரெண்டு பேர் ஒரே நாள்ல போய் வாசல்ல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்திருப்பாங்களா? பாத்திருந்தா என்ன பேசியிருப்பாங்க, வெயில் ஜாஸ்தின்னா? அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு எறங்கியிருக்குமா? எறங்கியிருக்கும், அதெல்லாம் எறங்கும், மனுஷிக்கு வயிறு வேற மனசு வேற. வெள்ளிக்கிழமையில இருந்து நான் அந்தச் சில பேரையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். மாநாட்டை நடத்துனவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் கேக்கணும்னு தோணல, அவங்களுக்குச் சிலை இருக்கு. சிலை இல்லாத இந்தப் பொம்பளைங்க எப்படி இருந்தாங்க, பேரை எடுத்த பிறகு தெருவுல எப்படி நடந்தாங்க, அதுதான் வேணும் எனக்கு. ஏன் வேணும்னு கேட்டா, சொல்லிர்றேன், எனக்குள்ள ஒளிச்சு என்ன ஆகப் போகுது. மேஜை மேல என் ஹேண்ட்பேக் இருக்கு. அதுல டிபன் பாக்ஸுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக் கவர். ஆபீஸ்லயே டைப் அடிச்சுக் குடுத்த நாலு வரி. 'மேற்படி கோரிக்கை மனுவில் நான் இட்ட கையொப்பத்தை முழு மனதுடன் திரும்பப் பெறுகிறேன்.' கீழ கோடு. கோட்டு மேல சண்முகவடிவுன்னு காலையில எட்டே காலுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால பிரின்சிபால் மேடம் கையில குடுக்கணும். முழு மனதுடன், அந்த வார்த்தையை யாரு சேத்ததுன்னும் எனக்குத் தெரியணும்தான்.

மூணாவது வரிசை ஜன்னல் பக்கம் வந்தா எதிர்த்த பிளாக் தெரியும். அங்கயும் டெஸ்ட் நடக்குது. ஜெபசீலி நடந்துக்கிட்டு இருக்கா. இங்க இருந்து பாத்தா வயிறு முதல்ல வருது, அப்புறம் ஆளு வர்றா. ஏழு மாசம். தமிழ்த் துறை, என்னைய மாதிரியே சுயநிதிப் பிரிவு, அதாவது ஜூன்ல ஆர்டர் குடுப்பாங்க, ஏப்ரல்ல முடியும், திரும்ப ஜூன்ல குடுத்தாத்தான் உண்டு. இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டு நிக்கா, நாற்காலி இருக்கு, உக்காரலாம், உக்காந்தா எந்திரிக்கிறது கஷ்டம்னு நிக்கா போல. மூணு மாசம் பேறுகால லீவு வேணும், வேலையை எடுத்துரக் கூடாதுன்னு கேட்டா. "போய் நல்லபடியா பெத்துட்டு வாங்கம்மா, ஜூன்ல பாக்கலாம்"னு மேடம் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களாம். ஜூன்ல பாக்கலாம்னா அந்த இடத்துல வேற ஆளு இருக்கும்னு அர்த்தம். அதைக் கேட்டுட்டு ஸ்டாஃப் ரூம்ல நாங்க எல்லாரும் கொதிச்சோம். கொதிச்சது நிஜம்தான், அதைப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். பதினாலு பேர் கையெழுத்து. மனுவுல வாசகம் எழுதுனது நான், வரலாறு படிச்சவ எழுதட்டும்னு சொன்னாங்க, எனக்கும் பெருமை. அப்புறம் ஒவ்வொருத்தரா மேடம் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. காப்பி குடுத்துத்தான் பேசுனாங்களாம், அதுவும் சீனி சரியாப் போட்டு. ஒரு வாரத்துல பன்னிரண்டு கவர் போயிருச்சு. மிச்சம் ரெண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி அவளே. நானும் எடுத்துட்டா அது மனுவே இல்ல, ஒரு பிள்ளைத்தாச்சியோட சொந்தப் பிரச்சினை, ஃபைலை மூடிரலாம். இதெல்லாம் ஜெபசீலிக்கும் தெரியும். காலையில வராண்டாவுல எதிர்ல வந்தா. கேக்கப் போறான்னு நினைச்சேன். "வடிவக்கா, பேக்ல நெல்லிக்காய் எதுவும் வச்சிருக்கீங்களா, வாயெல்லாம் கசக்குது"ன்னா. பேக்கைத் திறந்தா கவர் தெரிஞ்சிரும்னு, இல்லன்னு சொல்லிட்டேன். இருந்துச்சு. ரெண்டு நெல்லிக்காய் இருந்துச்சு. இந்தச் சின்ன வஞ்சகம் எனக்கு எப்படி வந்துச்சோ தெரியல, வெக்கமா இருக்கு.

பேப்பர் கேட்டு ஒருத்தி கையைத் தூக்குறா. அடிஷனல் ஷீட். இவங்களுக்கு ஷீட் வாங்குறது ஒரு கௌரவம், எழுத விஷயம் இருக்கோ இல்லையோ. குடுத்துட்டு வாறேன். எங்க வீட்டுக்காரரு மேல கோபப்படலாமான்னு பாக்கேன், கோபம் வர மாட்டேங்குது. காலையில தோசைக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, "ஏளா, அந்தப் பொண்ணு பாவம்தான், நான் இல்லேங்கல. ஆனா நம்ம நிலானி ஃபீஸ் யாரு கட்டுவா? ஊருக்கு உழைச்சா உனக்கு ஊரு வந்து சோறு போடுமா?"ன்னாரு. கத்திச் சொல்லல, சட்னி கேக்கிற மாதிரித்தான் சொன்னாரு. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், கவர்ல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். மனுஷனுக்கு என்னைய எப்படிக் கையாளுறதுன்னு தெரியும், பதிமூணு வருஷ அனுபவம். அவரே பேனா மூடியைக் கழட்டிக் குடுத்தாரு. அந்த ஊர்லயும் இப்படித்தான் இருந்திருக்குமோ? அங்க அப்பச் சட்டமே வேற, கட்டுன பொம்பளை சம்பாதிச்சது புருஷனுக்குத்தான் சொந்தம், அவளுக்குன்னு சட்டத்துல தனியா ஆளே கிடையாது, அதைத்தான் மாநாட்டுல முக்கியமாக் கேட்டாங்கன்னு நான் சாக்பீஸ் தேயத் தேய நடத்தியிருக்கேன். எனக்கு அப்படி ஒரு சட்டமும் இல்ல. என் சம்பளம் என் பேர்ல வருது, என் ஓட்டை நான் போடுறேன், எங்க மெட்ராஸ் மாகாணத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டு அமெரிக்காக்காரி வாங்குன மறு வருஷமே கொஞ்சப் பேருக்காவது கிடைச்சிருச்சுன்னு இதே வகுப்புல நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லியிருக்கேன். அப்ப எனக்கு எது பயம்? ஜூன் மாசம்தான் பயம். ஆபீஸ்ல ஆர்டர் வாங்குறதுக்கு வரிசையில நிக்கிறப்ப என் பேர் மட்டும் வராமப் போறது. பின்னால நிக்கிறவ, அய்யோ வடிவக்கா உங்களுக்கு இல்லையான்னு கேக்கிறது. அந்த 'இல்லையா'வுல ஒரு இழுப்பு இருக்கும் பாருங்க. அதுக்குப் பயந்துதான், சரி, இதை இப்படியே விடுவோம்.

அந்த வரி. அது எங்கேயிருந்து வந்துச்சு? பழைய நோட்ஸை நேத்து எடுத்துப் பாத்தேன். மத்ததெல்லாம் நீல மை, நான் வேலைக்குச் சேந்த புதுசுல உக்காந்து உக்காந்து எழுதுனது, எந்தப் புத்தகம் எந்தப் பக்கம்னு ஓரத்துல குறிச்சிருக்கேன். அந்த வரி மட்டும் பென்சில், சாய்ஞ்சு, ஓரத்துல ஒண்ணும் இல்ல. எந்தப் புத்தகத்துலயும் இருக்க வாய்ப்பில்ல, நான்தான் இட்டுக் கட்டியிருக்கேன். எதுக்கு? எந்த வருஷம்? ஒம்போது வருஷமா எழுதுறாங்கன்னா நிலானி பொறந்த வருஷம். பொறந்த வருஷம் நான் எப்ப இந்தப் பாடம் நடத்துனேன்? அவ பொறந்தது ஆகஸ்ட் கடைசி, இது செப்டம்பர்ல வர்ற பாடம், செப்டம்பர்ல நான் வீட்லதானே, இல்ல, இல்ல, வீட்ல இல்ல. வந்துட்டேன். இருபது நாளைக்குள்ள வந்தா இடம் இருக்கும்னு அப்ப இருந்த துறைத் தலைவி சொன்னாங்க, பத்தொம்பதாம் நாள் வந்துட்டேன். தையல் ஆறல, பஸ்ஸுல பொட்டலம் மாதிரி உக்காந்து வந்தேன். ஆமா, இதே பிளாக், கீழ் ரூம். பால் கட்டி நெஞ்சு கல்லாக் கிடக்கு, வகுப்பு பாதியில ஊற ஆரம்பிச்சிருச்சு, உள்ள வச்ச துணி நனைஞ்சு, ஜாக்கெட் நனைஞ்சு, நான் நோட்டை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். போர்டுல எழுதக் கையைத் தூக்க முடியாது, தூக்குனா தெரிஞ்சிரும். பாடம் முடிஞ்சிருச்சு, பெல்லுக்கு எட்டு நிமிஷம் இருக்கு. பாடம் முடிஞ்சா பிள்ளைங்க நோட்டைத் தூக்கிக்கிட்டு என்னைச் சுத்தி வந்துரும், எங்க துறையில அப்படி ஒரு வழக்கம், டிக்டேஷன் முடிஞ்சதும் மிஸ்கிட்ட நோட்டுல இனிஷியல் வாங்கணும். கிட்ட வந்தா பால் வாடை அடிக்கும். அதனால நான் நிறுத்தவே இல்ல. எழுதிக்கோங்கன்னு சொல்லிக்கிட்டே போனேன், நோட்டுல இல்லாததெல்லாம் சொன்னேன், ஊரே கேலி பேசியபோதும், எழுதிக்கோங்க, நூறு பேரும் உறுதியாக நின்றனர். சாயங்காலம் ஸ்டாஃப் ரூம்ல யாரோ வச்சிருந்த பென்சிலை வாங்கி, பிள்ளைங்க எழுதிட்டாங்களே நம்ம நோட்டுலயும் இருக்கட்டும்னு ஏத்துனேன்.

அதுதான். கண்டுபிடிச்சிட்டேன். கண்டுபிடிச்சா சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன், இல்ல. அன்னைக்கு எனக்காக இந்தக் காலேஜ்ல ஒரு ஆள் வாயைத் திறக்கல. இவ எதுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தான்னு ஒருத்தி கேக்கல. நான் பாட்டுக்கு எங்கயோ கடல் கடந்து நூறு பேரைக் கூப்பிட்டு எனக்காக நிக்க வச்சிருக்கேன், கூறுகெட்ட சிறுக்கி. அந்த நூறுலயும் சில பேரு நிக்கல. ஒம்போது வருஷத்துல எத்தனை பிள்ளைங்க, முந்நூறு, நானூறு, எல்லாரும் கல்யாணம் ஆகி எங்கெங்கயோ இருக்காங்க, வரலாத்துல ஒரு தடவையாவது எல்லாரும் நின்னாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கும் அதுங்க. அது நல்லதா கெட்டதா? தெரியல. நின்னாங்கன்னு நம்புறவ, தான் நிக்காமப் போனா தன்னைய மட்டும்தான் கேவலமா நினைப்பா. சில பேரு பயந்தாங்கன்னு தெரிஞ்சா, பயம் வர்றது ஒண்ணும் புதுசில்லன்னாவது தெரியும். மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிஷம். வாயைத் திறக்கலாமா? டெஸ்ட் நடக்கிறப்ப பேசக் கூடாதுன்னு நானே பத்துத் தடவை சொல்லியிருக்கேன். திறந்துட்டேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழ வைங்க" அப்படின்னேன். நாற்பத்தொரு தலையும் நிமிந்துச்சு, பிட்டு பிடிக்கப் போறேன்னு நினைச்சு ரெண்டு மூஞ்சி வெளுத்துச்சு. "அந்தக் கடைசி வரி தப்பு. நூறு பேரும் நிக்கல. பத்திரிகையில கேலி பண்ணுனதும் சில பேர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிட்டாங்க. எந்தப் புத்தகத்துலயும் இல்லாததை நான் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க." வாத்தியார் மன்னிப்புக் கேட்டா பிள்ளைங்களுக்கு என்ன செய்யன்னு தெரியாது. முதல் பெஞ்சுக்காரி ரெண்டு அடிக்கோட்டையும் பாத்தா. "அடிச்சிரணுமா மிஸ்? மார்க் போயிருமா?" "போகாது. எழுதுனவங்களுக்குக் குறைக்க மாட்டேன்." "சீனியர் அக்கா நோட்லயும் இருக்கே மிஸ்"ன்னு ஒருத்தி. "அதுவும் தப்புதான், எல்லாம் என் தப்புதான்." அதுக்கப்புறம் கசகசன்னு சத்தம், கோடு போட்டு அடிக்கிற சத்தம். கடைசி பெஞ்சுல சுடலைக்கனி அடிக்கல. கையைத் தூக்கிக்கிட்டு நிக்கா. "ஏன் மிஸ் திரும்ப வாங்குனாங்க?" இதுக்கு மட்டும் நாலு நாளா என்கிட்ட பதில் தயாரா இருக்கு. பயம்தான்னு ஆரம்பிச்சேன், வீட்ல பேசியிருப்பாங்க, புருஷன் சொல்லியிருப்பான், நாலு பேர் சிரிச்சிருப்பாங்க, பிள்ளைகுட்டி இருக்கும், தப்புன்னு சொல்லிர முடியாது பாத்துக்கோ, அவங்க நிலைமையில இருந்து பாக்கணும். என் குரல் எனக்கே கேக்குது, நல்லாத்தான் வக்காலத்து வாங்குறேன். அவ பொறுமையாக் கேட்டா. அப்புறம், "சரி மிஸ். அவங்கதான் பேரை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்களை நம்பிப் பக்கத்துல பேரை எழுதுனவ இருப்பால்ல, எடுக்காம இருந்தவ. அவளுக்கு எப்படி மிஸ் இருந்துச்சு?" அப்படின்னா.

அதை நான் நினைக்கவே இல்ல. நாலு நாளா முக்கு முக்காத் துருவிக்கிட்டு இருக்கேன், எந்த வாசல், எந்த மை, என்ன சாப்பாடு, எல்லாம் கேட்டுட்டேன், இது ஒண்ணைக் கேக்கல. போனவளுக்கு எறங்குச்சான்னு கேட்டேன், இருந்தவளுக்கு எறங்குச்சான்னு கேக்கல. "தெரியல" அப்படின்னேன். நிஜமாத் தெரியல. ஆனா இது லைப்ரரிக்குப் போய்த் தேட வேண்டியது இல்ல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவ நடந்துக்கிட்டு இருக்கா, போய்க் கேட்டாச் சொல்லுவா. நான் எப்படிக் கேப்பேன்? நெல்லிக்காய் இல்லன்னு சொன்னவ. அந்த நேரம் பாத்து வாசல்ல நிழல் ஆடுச்சு. ஆபீஸ்ல பியூனா இருக்கிற செண்பகம் அக்கா, சேலை முந்தியை இடுப்புல சொருகிக்கிட்டு, பிள்ளைங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு குரலைத் தாழ்த்தி, அதனாலயே நாற்பத்தொரு பேருக்கும் கேக்கிற மாதிரி, "வடிவு மிஸ், மேடம் அந்த லெட்டரைக் கேக்காக. சாப்பிடப் போறதுக்கு முந்தி வேணுமாம்"ன்னாங்க.

ஹேண்ட்பேக் மேல கையை வச்சேன். எல்லாப் பிள்ளையும் பாக்குது, சுடலைக்கனி இன்னும் உக்காரல. "லெட்டர் இல்லன்னு சொல்லிருங்கக்கா."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான். நான் எடுக்கல. என் கையெழுத்து அந்த மனுவுல அப்படியே இருக்கட்டும்."

செண்பகம் அக்கா உள்ள வந்துட்டாங்க. "நல்லா இருக்கே கதை. நான் போய் வாயால சொன்னா என்னையத்தான் வைவாக. எதா இருந்தாலும் எழுத்துல குடுங்க தாயி, நான் கொண்டுபோய்க் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கேன்."

நியாயம்தான். எழுத்துல குடுக்கணும். மேஜை மேல கிடந்த விடைத்தாள்ல ஒண்ணை உருவிக்கிட்டு உக்காந்தேன். பெயர், வகுப்பு, பதிவு எண்ணுன்னு மேல அச்சடிச்சிருக்கு, அதை எல்லாம் விட்டுட்டுக் கீழ எழுதுனேன். ஜெபசீலி அவர்களின் பேறுகால விடுப்பு தொடர்பான மனுவில் நான் போட்ட கையெழுத்தை நான் திரும்பப் பெறவில்லை. ரெண்டு தடவை 'நான்' வந்திருச்சு, பிள்ளைங்க எழுதியிருந்தாச் சுழிச்சிருப்பேன், இருக்கட்டும். இவருகிட்ட சாயங்காலம் என்ன சொல்லுவேன்? ஜூன்ல என்ன செய்வேன்? டியூஷன் எடுப்பேனா, எங்க? அடுத்த வரி எழுதுனேன். இவரது நிலையில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் இருந்தேன், அப்போது பத்தொன்பதாம் நாளில் வேலைக்கு வந்தேன், அது சரியில்லை. இதை நான் எந்த மனுவுலயும் எழுதுனது இல்ல, யார்கிட்டயும் சொன்னதும் இல்ல. தேதி போட்டேன். சண்முகவடிவுன்னு முழுசா எழுதுனேன்.

செண்பகம் அக்கா தாளை வாங்குனாங்க. மடிச்சுக்கிட்டு ஓடிருவாங்கன்னு பாத்தா, அங்கனயே நின்னு, உதட்டை அசைச்சு, எழுத்துக் கூட்டி, முழுசாப் படிச்சாங்க. பத்தொன்பதாம் நாள்ங்கிற இடத்துல விரலை வச்சாங்க, எடுக்கல. இப்ப ஏதாவது சொல்லி வையப் போறாங்க, பைத்தியமா மிஸ் உங்களுக்குன்னு கேக்கப் போறாங்கன்னு நினைச்சேன். அவங்க வாசலை ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுத் தாளைத் திரும்ப என் மேஜை மேலயே வச்சாங்க.

"மிஸ், கீழ லேப்ல கூட்டுறால்ல, அது எம் மருமக. அவளுக்கு இப்ப அஞ்சு மாசம். இதுல டீச்சருங்க மட்டும்தான் கையெழுத்துப் போடணுமா, நாங்களும் போடலாமா?"

பெல் அடிச்சுது, யாரும் எந்திரிக்கல. நான் பேனாவை அவங்க கையில குடுத்தேன்.